சூத்திரம் தெரிந்தும் கூட்டுத் தொடர்வரிசைக் கணக்குகளில் விடை ஏன் தவறுகிறது?

கூட்டுத் தொடர்வரிசை என்றால் உறுப்புக்கு உறுப்பு ஒரே அளவு (அதுதான் பொது வித்தியாசம்) கூடியோ குறைந்தோ போகும் எண் வரிசை. அதன் சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் விடை பிசகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இடத்தையும் மதிப்பையும் குழப்பிக்கொள்வது. '7-ஆவது உறுப்பு 34' என்றால் 7 இடம், 34 மதிப்பு. கணக்கை வாசித்ததும் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் இடமா, மதிப்பா, கூடுதலா என்று குறித்துவிடுங்கள். பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, தாண்டல்களை எண்ணுவது. முதல் உறுப்பிலிருந்து 7-ஆவது உறுப்புக்குப் போக 6 தாண்டல்தான். சூத்திரத்தில் 1 கழிப்பது அதற்காகவே:

உறுப்பு = முதல் உறுப்பு + (இடம் − 1) × பொது வித்தியாசம்

ஆனால் எப்போதும் முதல் உறுப்பிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்றில்லை. 7-ஆவது உறுப்பு 34, 15-ஆவது உறுப்பு 74, 20-ஆவது எது? இரண்டு சமன்பாடு எழுதிக் கழிப்பது வழக்கம். தவறில்லை, நீளம்தான். 7-இலிருந்து 15-க்கு 8 தாண்டல். அதற்குள் மதிப்பு 40 கூடியிருக்கிறது. ஆக ஒரு தாண்டலுக்கு 5. 15-இலிருந்து இன்னும் 5 தாண்டல், 74 + 25 = 99. முதல் உறுப்பைத் தொடவே இல்லை. அதையும் கேட்டிருந்தால் 34-இலிருந்து 6 தாண்டல் பின்னால் வாருங்கள்: 34 − 30 = 4.

ஒரு எண் வரிசையில் வருமா என்ற கேள்வியும் இதே வழிதான். 4, 9, 14, … என்ற வரிசையில் 150 உண்டா? 150 − 4 = 146; அது 5-ஆல் மீதியின்றி வகுபடாது. தாண்டல் பின்னத்தில் இருக்க முடியாது, எனவே 150 இல்லை. 199 என்றால் 195 ÷ 5 = 39 தாண்டல், ஆகவே 40-ஆவது உறுப்பு. இங்கே 39 என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

'100-க்கும் 500-க்கும் இடையே 7-இன் மடங்குகளின் கூடுதல்' போன்ற கணக்கில் 100-ஐயே முதல் உறுப்பாக எடுத்துவிடுவார்கள். 100 என்பது எல்லை, உறுப்பு அல்ல. முதல் மடங்கு 105, கடைசி 497. வித்தியாசம் 392, அதை 7-ஆல் வகுத்தால் தாண்டல் 56, உறுப்புகள் 57. கடைசி உறுப்பு கையில் இருக்கும்போது நீளமான சூத்திரம் வேண்டாம்; முதலும் கடைசியும் சேர்ந்த சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் போதும்: (105 + 497) ÷ 2 = 301, 57 × 301 = 17157.

இறங்கு வரிசையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 20, 16, 12, … என்ற வரிசையில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 48 வரும்? பொது வித்தியாசம் −4 (பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க வேண்டும், குறியை விட்டால் எல்லாம் போச்சு). கூடுதல் சூத்திரத்தில் 48-ஐப் போட்டால் வரும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 3, 8 என்று இரண்டு விடை வரும். பதறி ஒன்றை அடித்துவிடாதீர்கள், இரண்டும் சரி. 4-ஆவது முதல் 8-ஆவது வரையுள்ள உறுப்புகள் 8, 4, 0, −4, −8. அவற்றின் கூடுதல் 0. எண்ணிக்கை குறை எண்ணாகவோ பின்னமாகவோ வந்தால் மட்டுமே தள்ள வேண்டும்.

மூன்று உறுப்புகளின் கூடுதலும் பெருக்கலும் கொடுத்தால் நடு உறுப்பை வைத்துத் தொடங்குங்கள். கூடுதல் 27 என்றால் நடு உறுப்பு 9. பெருக்கல் 585 என்றால் ஓரங்களின் பெருக்கல் 65, அதாவது 81 கழித்தல் பொது வித்தியாசத்தின் வர்க்கம். வர்க்கம் 16, உறுப்புகள் 5, 9, 13. நான்கு உறுப்புகளில் நடு உறுப்பு கிடையாது. சராசரியிலிருந்து இருபுறமும் ஏதோ ஓர் எண்ணின் ஒரு மடங்கு, மூன்று மடங்கு தள்ளி வைப்போம். கூடுதல் 32, ஓரங்களின் பெருக்கல் 28 என்றால் சராசரி 8, அந்த ஒரு மடங்கு 2, உறுப்புகள் 2, 6, 10, 14. பொது வித்தியாசம் 2 அல்ல, 4. இதை இரட்டிக்க மறப்பது தேர்ந்தவர்களுக்கும் நடப்பதுதான்.

கடைசியாக, கூடுதலையே சூத்திரமாகக் கொடுக்கும் கணக்கு. எண்ணிக்கையின் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கி, எண்ணிக்கையின் 2 மடங்கைக் கூட்டினால் கூடுதல் என்கிறார்கள். எண்ணிக்கை 1 என்றால் 5. இது முதல் உறுப்பு. 2 என்றால் 16. இது இரண்டாவது உறுப்பு அல்ல, இரண்டின் கூடுதல். இரண்டாவது உறுப்பு 16 − 5 = 11, பொது வித்தியாசம் 6. வர்க்கத்தைப் பெருக்கும் எண்ணான (கெழு) 3-ஐ இரட்டித்தாலே 6 கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கூடுதலோடு தனியாக ஒரு 1 ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள். கூடுதல்கள் 6, 17, 34 என்றாகி, உறுப்புகள் 6, 11, 17 என்று வரும். முதல் வித்தியாசம் 5, அடுத்தது 6; அது கூட்டுத் தொடர்வரிசையே அல்ல.