கொச்சி படகுக் கண்காட்சியில் பாய்ப்படகுச் சாமான்கள் மலிவாகக் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் மார்த்தாண்டத்துக்காரர். பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். கயிறு, கப்பி, லைஃப் ஜாக்கெட், முடிந்தால் ஒரு வயர்லெஸ் செட் தேவை. ரயில் ஏறி கொச்சிக்குப் போனால் வழிச்செலவு போக ஏதாவது மிஞ்சுமா என்று கேட்கிறார்.

மிஞ்சாது. ஆனாலும் ஒருமுறை போய் வாருங்கள்.

நான் கொல்லங்கோட்டில் இருப்பவன். எங்கள் வீட்டிலிருந்து கேரள எல்லை கூப்பிடு தூரம். பூவாற்றில் நெய்யாறு கடலில் சேரும் பொழிக்குச் சற்று உள்ளே, காயலில், 14 அடி ஃபைபர் வள்ளம் ஒன்றில் பாய் கட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறேன். எங்கள் கரையில் 1980களில் அவுட்போர்டு எஞ்சின் வந்த பிறகு பாயெல்லாம் பரணுக்குப் போய்விட்டது. அதனால் நான் பாய் விரித்தால் கரையில் நிற்கும் பிள்ளைகள் எஞ்சின் பழுதாகிவிட்டதோ என்று கேட்பார்கள். பாய் கட்டச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமா. இளவயதில் கட்டுமரத்தில் பாய் விரித்துத் தொழிலுக்குப் போனவர். கண்காட்சிக்கும் அவரோடுதான் போனேன். அவர் வரவில்லையென்றால் நான் காசைத் தொலைத்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

இந்தியா போட் அண்ட் மரைன் ஷோ என்ற பெயரில் போல்காட்டித் தீவில் நடக்கும் கண்காட்சியைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை இருக்கிறதே, அதே வளாகம்தான். குழித்துறையில் விடியற்காலைப் பரசுராம் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். எர்ணாகுளம் ஹைக்கோர்ட் பக்கமிருந்து கோஸ்ரீ பாலம் ஏறினால் முதலில் வருவதே போல்காட்டிதான்.

உள்ளே நுழைந்ததும் ஒன்று புரிந்துவிடும். இது பாய்ப்படகுக்காரர்களுக்காக நடக்கும் சந்தை இல்லை. நான் போனபோது கண்ணில் பட்டதில் பெரும்பகுதி எஞ்சின், ரெசின், ஃபைபர் துணி, ஸ்பீடு போட், மின்சாரப் படகு. கேரளத்தில் படகு என்றால் மீன்பிடி, ஹவுஸ்போட், பயணிகள் போக்குவரத்து. வாங்குபவர்களும் அந்த வகை ஆட்கள்தான். பாய்க்கான சாமான் மூன்று நான்கு ஸ்டால்களில்தான் இருந்தது. அதுவும் ஹார்க்கன், ரான்ஸ்டன் மாதிரி வெளிநாட்டுச் சரக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள். இறக்குமதி வரியோடு சேர்த்து விலையைக் கேட்டதும் மாமா கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட்டால் பணம் கேட்பார்களோ என்ற பயம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர் ஒரு மஞ்சள் பையைக் கையில் எடுத்திருந்தார். உள்ளே தாத்தா காலத்து மரக் கப்பி ஒன்று, எங்கள் வள்ளத்தில் இப்போது ஓடும் கயிற்றில் ஒரு முழம், அளவு நாடா. எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: பழைய சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கேட்டலாக்கில் இருக்கும் சொற்கள் நம்மைக் குழப்பிவிடும். ‘ஷீட்’ என்று போட்டிருந்ததைப் பாய்த்துணி என்று நினைத்து நான் விலை கேட்டேன். அது கயிறாம்! பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு, பழைய ஆட்கள் தாமான் என்பார்களே அது. ‘ஹாலியார்டு’ என்பது பாயை மேலே ஏற்றும் ஆஞ்சான். மாமா கப்பியை எடுத்து மேசையில் வைத்ததும் ஸ்டாலில் இருந்த பையனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவனும் நான்கு வார்த்தை உருப்படியாகச் சொன்னான். பாய்மர உச்சியில் இருக்கும் கப்பியில் கயிறு ஏறித் திரும்பி நேரே கீழே இறங்குகிறது. நாம் 40 கிலோ விசையில் இழுத்தால் மறுபக்கம் பாயும் 40 கிலோ இழுக்கிறது, ஆக கப்பி தாங்குவது 80. கயிற்றை இழுக்கும் விசையை மட்டும் பார்த்துக் கப்பி வாங்கினால் பாதி அளவுக்குத்தான் வாங்கியிருப்போம். இதை மாமா ஏற்கெனவே வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்: “உச்சிக் கப்பிக்கு எப்பவும் இரட்டைப் பாரம்.” நான்தான் காதில் வாங்கவில்லை.

அடுத்தது கயிறு. ஒரு ஸ்டாலில் “கண்காட்சிச் சலுகை” என்று அட்டை தொங்கியது. வெள்ளையில் நீலப் புள்ளி போட்ட 10 மில்லிமீட்டர் கயிறு, பாலியெஸ்டர், மீட்டர் விலை பாதி. கையில் வழவழவென்று அழகாக இருந்தது. எனக்கு ஆஞ்சானுக்கு வேண்டியது பாலியெஸ்டர்தான். 30 மீட்டர் வெட்டச் சொல்லப் போனேன்.

மாமா என்னைத் தடுத்துவிட்டு, மாதிரிக்கு வைத்திருந்த துண்டில் விரல் நீளம் கேட்டு வாங்கினார். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளே போட்டார். குலுக்கிக் காற்றுக் குமிழெல்லாம் வெளியே வரும்வரை காத்திருந்தார். துண்டு மேலே வந்து நின்றது. மறுபடி குலுக்கினார். மறுபடியும் மேலே.

“மக்கா, இது மெதக்குதுல்லா?”

“ஆமா மாமா.”

“அப்போ வேண்டாம், வா.”

பாலியெஸ்டர் தண்ணீரைவிட நன்றாகவே கனம், ஒப்படர்த்தி 1.38. அது மிதக்கவே மிதக்காது. பாலிப்ரொப்பிலீன் 0.91, மிதக்கும். நம் கரைகளில் வலைக்கு மிதக்க வேண்டிய இடத்தில் கட்டுவது அதைத்தான். அந்த வேலைக்கு நல்ல கயிறு. ஆனால் ஆஞ்சானுக்கு ஆகாது. பாரத்தில் நீண்டுகொடுக்கும், வெயில் பட்டுப் பட்டு நூல் நூலாக உதிரும், இறுக்கிப் பிடிக்கும்போது வழுக்கும். டைனீமா என்ற விலை உயர்ந்த கயிறும் மிதக்கும்தான் (0.97), ஆனால் அதை யாரும் பாலியெஸ்டர் என்று சொல்லி பாதி விலைக்குத் தர மாட்டார்கள். நைலான் மூழ்கும். அதனால் மூழ்கினால் மட்டும் போதாது, இழுத்தும் பார்க்க வேண்டும். நைலான் ரப்பர் மாதிரி நீளும், நங்கூரத்துக்கு அதுதான் சரி, அலை வெட்டி இழுக்கும்போது அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். ஆஞ்சானுக்கு நீளாத பாலியெஸ்டர். ஸ்டால்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம், பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் அவர் படித்தார்.

ஷேக்கிள் (U வடிவ இணைப்பு வளையம்), கொக்கி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் என்று காட்டுவார்கள். 304உம் பொதுவாக ஒட்டாது. மலிவான 202உம் ஒட்டாது. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால்தான் உப்புத் தண்ணீரில் அது தாக்குப்பிடிக்கிறது, அதைக் காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாது. உடலில் கிரேடும் தாங்கும் எடையும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பொறிப்பு இல்லையென்றால் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் மாமா விலை பேசவே இல்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது எங்கள் தூத்தூர் கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த வருஷத்து கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் நட்சத்திரம் கட்டியவர் யாரும் இல்லை. அதற்கு முன்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்று சொன்னவர்தான் மாமாவும்.

ஜாக்கெட்டில் அது எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்று நியூட்டன் கணக்கு எழுதியிருக்கும். 50 என்றால் நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில், உதவி அருகில் இருக்கும்போது. கடலுக்கு 150. நினைவு தப்பினாலும் உடலைத் திருப்பி முகத்தை மேலே வைக்கப் பார்க்கும் அளவு அது. கண்காட்சியில் மெலிதாக, பெல்ட் மாதிரி கழுத்தில் தொங்கும், தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் வகையைக் காட்டுவார்கள். போட்டால் போட்டதே தெரியாது, ஆசையாக இருக்கும். வாங்குவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒருமுறை ஊதித் தீர்ந்த பிறகு மாற்றுக் குப்பி இங்கே எங்கே கிடைக்கும்? 150 நியூட்டனுக்கு வழக்கமாக 33 கிராம் குப்பி. நான் கேட்டபோது “வரவழைத்துத் தருகிறோம்” என்றார்கள். எத்தனை நாளில் என்றால் சிரிப்புதான் பதில். நான் பழைய மாதிரி ஃபோம் ஜாக்கெட் இரண்டு, ஐ.ஆர்.எஸ். (இந்தியக் கப்பல் தரப் பதிவு நிறுவனம்) முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். கொஞ்சம் புழுக்கும், பரவாயில்லை.

மின்னணுச் சாமானில்தான் உண்மையான தள்ளுபடி இருந்தது. ஜிபிஎஸ் திரை, மீன் காட்டும் கருவி எல்லாம் கடைசி நாள் மதியத்துக்கு மேல் விலை இறங்கும், மாதிரிக்கு வைத்ததைத் திரும்பக் கட்டி எடுத்துப்போக யாருக்கும் மனமிருக்காது. ஆனால் வயர்லெஸ் செட்டுக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் உரிமம் வேண்டும், பில் போட்டுக் கையில் தந்துவிட்டதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. கையடக்க செட் தாழ்ந்த வள்ளத்திலிருந்து நான்கைந்து கடல் மைல் எட்டினாலே பெரிது. ஆபத்துக்கு அழைக்க 16ஆம் சேனல்.

இன்னொன்று, ஈபிர்ப் எனப்படும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் குறி அனுப்பி. துபாயில் வாங்கியது, உறவினர் கொண்டுவந்தது என்று பாதி விலைக்குச் சிலர் தருவார்கள். அதற்குள் நாட்டுக் குறியீடு பதிந்திருக்கும், இந்தியாவுக்கு 419. வேறு நாட்டு எண் இருந்தால் நீங்கள் பொத்தானை அமுக்கும்போது யார் இவர் என்று அந்த நாட்டுப் பதிவேட்டில்தான் தேடுவார்கள். இந்தியக் குறியீடு போட்டு, பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் கட்டுப்பாட்டு மையத்தில் பதிவு செய்தால்தான் அதை வாங்கியதற்கு அர்த்தம். ஒளிக்குறி ஃபிளேர்களையும் தேதி பார்த்து வாங்குங்கள். பொதுவாக மூன்று வருஷம்தான் ஆயுள். பெரிய தள்ளுபடி என்றால் ஆறு மாதமே மிச்சமிருக்கும்.

இரண்டு லைஃப் ஜாக்கெட், ஒரு ஜோடி கேம் கிளீட், உச்சிக்கு ஒரு நல்ல கப்பி. அங்கே வாங்கியது இவ்வளவுதான். கேம் கிளீட் என்பது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் இரட்டைப் பல் கொக்கி. தாமானைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும் வலி போய்விட்டது, அதற்குக் கொடுத்த காசு எனக்கு உறுத்தவில்லை. மற்றபடி எந்த எஞ்சினுக்கு யார் சர்வீஸ் செய்கிறார், பாய் தைக்க யார் இருக்கிறார் என்று ஏழெட்டு ஃபோன் எண்கள் கிடைத்தன. போன செலவுக்கு அந்த எண்களே போதும். பாய்த்துணியை அங்கே தேடாதீர்கள், நான் தேடி அலுத்துப்போனேன்.

கயிறு வாங்காமல் ஊர் திரும்ப எனக்கு மனமில்லை. மறுநாள் காலை தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். அங்கே வலை, கயிறு, மிதவை விற்கும் கடைகள். கண்காட்சியில் மீட்டர் கணக்கு, இங்கே கிலோ கணக்கு. 10 மில்லி பாலியெஸ்டர் இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு சுருளை உருட்டிக்கொண்டு வந்தார். புள்ளியும் இல்லை, பளபளப்பும் இல்லை. அவர் தராசில் வைக்கப் போகும்போது மாமா கையை நீட்டினார்.

“சேட்டா, கொறச்சு வெள்ளம்.”

வயசானவருக்குத் தாகம் என்று நினைத்து அவர் ஜக்கிலிருந்து ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். மாமா நன்றி சொல்லிவிட்டு, பிளேடால் ஒரு நுனியை நறுக்கி உள்ளே போட்டார். அது நேரே அடியில் போய்ப் படுத்தது. அதற்கப்புறம் ஒரு முனையை ஷட்டர் கொக்கியில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றி, கடை வாசலில் பின்னால் சாய்ந்து தொங்கிப் பார்த்தார். கயிறு அசையவில்லை. கடைக்காரர் டம்ளரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

30 மீட்டர் வாங்கினோம். கண்காட்சிச் சலுகை விலையைவிடக் குறைவாகத்தான் வந்தது.