சின்ன பிராண்டு மோட்டாருக்கு டீலர் ஆகலாமா?

கேள்வி: பேராக், சுங்கை சிப்புட்டில் அப்பா காலத்திலிருந்தே மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை நடத்துகிறோம். சுற்றியுள்ள தோட்டத்து மக்கள்தான் வாடிக்கையாளர்கள். வெளிநாட்டிலிருந்து பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டி விற்கும் புதிய கம்பெனி ஒன்று எங்களை டீலர் ஆகச் சொல்கிறது. பெரிய பிராண்டு கப்சாயைவிட (சின்ன மோட்டார் சைக்கிள்) வண்டி மலிவு, எங்களுக்கு லாபமும் கூடுதல். ஆனால் முதலில் ஐந்து வண்டிகளைப் பணம் கட்டி எடுக்க வேண்டும். பெயர்ப்பலகைச் செலவும் எங்களுடையது. எடுக்கலாமா?

பதில்: இந்த நிபந்தனையில் வேண்டாம். நிபந்தனை மாறினால் யோசிக்கலாம்.

சின்ன கம்பெனியின் சங்கடம் என்ன? வாங்க வருகிறவர், "கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோவது?" என்று கேட்பார். கடைக்காரர், "இதை யார் வாங்குவார்?" என்று கேட்பார். இரண்டு பேரும் அடுத்தவர் முதலில் இறங்கட்டும் என்று காத்திருக்க, வண்டி குடோனில் நிற்கும், கம்பெனியின் பணம் முடங்கும். அந்த ஐந்து வண்டிகளும் உங்கள் கடைக்கு வந்துவிட்டால் முடங்குவது உங்கள் பணம். அவர்கள் கணக்கில் ஐந்து வண்டிகள் விற்றாயிற்று. தோட்டத்தில் ஒருவர்கூட இன்னும் வாங்கவில்லை. கூடுதல் லாபம் என்று அவர்கள் காட்டுவது, இந்தச் சுமையை நீங்கள் தூக்குவதற்கான கூலி.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. புதுப் பெயர் எதுவும் இப்படித்தான் ஊருக்குள் நுழையும். பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ 1958இல் ஹோண்டாவை இங்கே கொண்டுவந்தபோது அதுவும் யாருக்கும் தெரியாத பெயர்தான். மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போன ஹோண்டாவுக்குத் தொடக்கமே சறுக்கல்: பெரிய வண்டிகளில் எண்ணெய் கசிந்தது, கிளச் போனது. பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பிக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். மோட்டார் கடைகளை மட்டும் நம்பாமல் 50 சிசி சூப்பர் கப்பை விளையாட்டுச் சாமான் கடைகளிலும் வைத்து விற்றார்கள். பழுதின் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, டீலர் தலையில் கட்டவில்லை. நான் பார்ப்பது இதைத்தான்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் எக்செல்சியர்-ஹெண்டர்சன் என்ற பழைய மோட்டார் பெயரை உயிர்ப்பித்துப் பெரிய தொழிற்சாலையே கட்டினார்கள். 2,000 வண்டிகளைக்கூட எட்டாமல் 1999இல் திவாலானது. எரிக் பியூவெல் தொடங்கிய பியூவெல் வண்டிகளை ஹார்லி-டேவிட்சன் கடைகளில் விற்றார்கள். 2009இல் ஹார்லி அந்த பிராண்டை நிறுத்தியது, ஆனாலும் உதிரிச் சாமானும் சர்வீசும் ஹார்லி கடைகளில் தொடர்ந்தன. அவர் பிறகு சொந்தமாகத் தொடங்கிய நிறுவனம் 2015 ஏப்ரலில் கடனில் நின்றுபோனது. அங்கே பின்னால் நிற்க ஹார்லி மாதிரி யாரும் இல்லை. போலாரிஸ் நிறுவனம் 2017இல் தன் விக்டரி மோட்டார் பிராண்டை மூடியபோது, பத்து ஆண்டுகளுக்குச் சாமான் கொடுப்போம் என்று அறிவித்துவிட்டே மூடியது. பிராண்டு மூடப்படுவது வேறு, சாமான் நின்றுபோவது வேறு. உங்கள் கடையைக் கவிழ்க்கக்கூடியது இரண்டாவது.

அதனால் லாபத்தைப் பேசுவதற்கு முன் சாமானைப் பேசுங்கள். பிரேக் ஷூ, செயின், டயர், பல்பு இதெல்லாம் கவலை இல்லை; வேறு வண்டிச் சாமானை வைத்துச் சமாளிக்கலாம், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வண்டிக்கு மட்டுமே பொருந்தும் சாமான்தான் காலை வாரும்: வயரிங், ரெக்டிஃபையர் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்), மீட்டர், பக்கத்துக் கவர், சாவி செட். பால்வெட்டுக்கு இருட்டோடு கிளம்புகிறவருக்கு முன்விளக்கு எரியவில்லை என்றால் அன்றைய சம்பளம் போச்சு. அவர் கம்பெனிக்குப் போன் போட மாட்டார், உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். டீலர் பேச்சு நடக்கிறது என்று காட்டிக்கொள்ளாமல், வேறொருவர் பெயரில் அந்த வண்டிக்கு ரெக்டிஃபையர் ஒன்று, இடது பக்கக் கவர் ஒன்று, மீட்டர் ஒன்று ஆர்டர் கொடுங்கள். எத்தனை நாளில் வருகிறது, சரியான நிறத்தில் வருகிறதா, விலைப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரத்தில் மூன்றும் வந்தால் பேச்சைத் தொடரலாம். "கப்பல் வரணும் அண்ணே" என்று பதில் வந்தால் அதுவே பதில்.

அப்புறம் ஏற்கெனவே இந்த பிராண்டை எடுத்த கடைகளுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கோலகங்சாரில் இல்லையென்றால் ஈப்போவில் இருக்கும். முன்னால் நிற்கும் வண்டிகளை விடுங்கள், பின்கட்டைப் பாருங்கள். புது வண்டி ஒன்று மீட்டர் இல்லாமலோ பக்கத்துக் கவர் இல்லாமலோ நின்றால், வாடிக்கையாளர் வண்டிக்கு அதிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாரண்டி வேலைக்குக் கம்பெனி பணம் எத்தனை மாதத்தில் கொடுக்கிறது என்று அந்தக் கடைக்காரரிடம் கேளுங்கள். வியாபாரப் போட்டி இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

கடன் விஷயத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். தோட்டத்தில் ரொக்கம் கொடுத்துப் புது மோட்டார் வாங்குகிறவர் குறைவு; தவணைதான். ஏயோன் கிரெடிட் மாதிரி கடன் கொடுக்கும் நிறுவனங்கள், வண்டியைத் திரும்ப எடுக்க நேர்ந்தால் என்ன விலைக்குப் போகும் என்று பார்ப்பார்கள். பெயர் தெரியாத வண்டிக்கு முன்பணம் கூடுதலாகக் கேட்டால், விலையில் குறைந்த சில நூறு வெள்ளி அங்கேயே கரைந்துவிடும். குத்தகை வேலை செய்து சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு இன்னும் சிரமம். எந்தக் கடன் நிறுவனம் இந்த மாடலை ஏற்றுக்கொள்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே ஜே.பி.ஜே.யின் (சாலைப் போக்குவரத்து இலாகா) வண்டி வகை அங்கீகார நகலும் வேண்டும். அது இல்லாமல் வண்டியைப் பதிவு செய்ய முடியாது.

சட்டப்படி உங்கள் நிலையும் தெரிந்திருக்கட்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் தரமாக இருக்க வேண்டிய பொறுப்பு விற்ற கடைக்கும் உண்டு. உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. அவருக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால் இறக்குமதி செய்தவரே தயாரிப்பாளராகக் கருதப்படுவார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வாடிக்கையாளர் 50,000 வெள்ளி வரை கோரலாம். கம்பெனி காணாமல் போனால் வாடிக்கையாளர் கைக்கு எட்டுவது நீங்கள்தான். கொஞ்சம் கட்டணம் கட்டி எஸ்.எஸ்.எம்.மில் (கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையம்) கம்பெனி விவரத்தை எடுத்துப் பாருங்கள்: எப்போது பதிவானது, முதலீடு எவ்வளவு, சொத்து எதையாவது கடனுக்கு ஈடு வைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

சரி, பேச்சுக்கு உட்காரும்போது என்ன கேட்பது? ஐந்துக்குப் பதில் இரண்டு வண்டிகள், அதுவும் விற்ற பிறகு பணம். முடியாது என்றால், ஆறு மாதத்தில் விற்காததை அதே விலைக்குத் திரும்ப எடுக்கும் வாக்குறுதி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மேலே சொன்ன சாமான்களில் ஒரு பெட்டி உங்கள் கடையில் அவர்கள் பணத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்கு டீலர்ஷிப் கொடுக்கமாட்டோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் பெயர் வாங்கிக் கொடுத்த பிறகு எதிர்வரிசைக் கடையில் பத்து வெள்ளி குறைத்து விற்பது இந்தத் தொழிலில் சகஜம்.

பலகையில் அவசரம் வேண்டாம். பெயர்ப்பலகைக்கு நகராண்மைக் கழக லைசென்ஸ் எடுக்க வேண்டும். பிராண்டு போய்விட்டால் கழற்றி மாற்றும் செலவும் உங்களுடையதே. முதல் ஆறு மாதத்துக்கு அப்பா வைத்த பலகையே போதும். அதற்குமேல் அவர்கள் பெயர் வேண்டுமென்றால் அவர்கள் செலவில் மாட்டட்டும்.