கோபக்காரப் பிள்ளையைக் கராத்தேக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகனுக்கு 14 வயது. பள்ளியில் அடிக்கடி கைகலப்பு. கராத்தே கற்றால் முரட்டுத்தனம் இன்னும் கூடிவிடாதா?

பதில்: கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். எல்லாம் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. 1986இல் வெளியான, ட்ரல்சன் என்ற ஆய்வாளரின் அமெரிக்க ஆய்வில், தவறான வழியில் போகும் போக்குள்ள 13–17 வயதுப் பையன்களுக்கு 6 மாதம் பயிற்சி கொடுத்தார்கள். மரியாதை, தியானம், படிவங்கள் (தனியாகச் செய்யும் வரிசை அசைவுகள்) என்று மரபுப்படி டேக்வாண்டோ (கராத்தே போன்ற கொரியக் கலை) கற்றவர்களுக்கு ஆக்ரோஷம் குறைந்தது. மோதலை மட்டும் கற்றவர்களுக்குக் கூடியது. 34 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் மாஸ்டரைத் தேர்ந்தெடுக்க நல்ல வழிகாட்டி.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை முழுசாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் அடிப்படைப் பயிற்சிக்கும் கட்டாவுக்கும் (கராத்தேயின் படிவங்கள்) போக வேண்டும். சண்டைப் பயிற்சிக்கு 10 நிமிடம் போதும். அந்தப் 10 நிமிடத்தைத்தான் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். 'யமே' (நிறுத்து) என்றதும் ஓங்கிய கை அப்படியே நிற்கிறதா? வேண்டுமென்றே பலமாக அடித்தவனை மாஸ்டர் ஓரமாக உட்காரவைக்கிறாரா, தட்டிக்கொடுக்கிறாரா? கோபம் தலைக்கேறும்போது கையை அடக்கும் பழக்கம் அங்கேதான் படியும். தப்புக்குப் பிரம்படி கொடுக்கிற இடமென்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

சேர்த்த பிறகு தம்பி, தங்கையிடம் அடியைப் பரீட்சை பார்த்தால் அன்றே மாஸ்டர் காதில் போடுங்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்வது, தூக்கமே இல்லாமல் தவிப்பது போன்றவை தெரிந்தால் பயிற்சி மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பயிற்சியில் மகளுக்குத் தலையில் அடி. கொஞ்சம் கிறுகிறுத்து, அரை மணியில் சரியாகிவிட்டது. நாளைக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். கிறுகிறுப்பு வந்தாலே மூளை அதிர்ச்சி என்று சந்தேகப்பட வேண்டும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் 2 நாள் ஓய்வு, செல்போனும் குறைவாக. பிறகு நடை, லேசான ஓட்டம், தனியாகக் கட்டா என்று படிப்படியாக ஏற்றலாம். சண்டைப் பயிற்சி மட்டும் மருத்துவர் சம்மதித்த பிறகுதான். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், வலிப்பு இருந்தால் 108ஐ அழையுங்கள். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: போட்டிக்காகப் பிள்ளையின் எடையை 3 நாளில் 2 கிலோ குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கலாமா?

பதில்: அவ்வளவு சீக்கிரம் குறைவது பெரும்பாலும் நீர்தான். வளரும் வயதில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பட்டினி எரிச்சலையும் கிளப்பும். அடுத்த எடைப்பிரிவில் பெயர் கொடுங்கள்.