முகாரியை வெட்டி ஒட்டிய பையனுக்கு என்ன படிப்பு?

அண்ணாச்சி, கோட்டாறு கம்போளத்தில் கடையை அடைத்துவிட்டு ராத்திரி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். உங்கள் மகன் முகாரி ராகப் பாட்டு ஒன்றின் ஒலிப்பதிவை எடுத்து, டிரம்ஸும் கீபோர்டும் சேர்த்து ரீமிக்ஸ் செய்து யூடியூபில் போட்டதை ஆறேழு தடவை கேட்டேன். அதற்கு வந்த காப்புரிமை அறிவிப்பு, பாட்டு சொல்லிக்கொடுக்கிற சாரின் கோபம், இனி அவனை என்ன படிக்க வைப்பது என்று நீங்கள் பயப்படுகிற வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காப்புரிமை அறிவிப்பு. கேஸ் வரும், போலீஸ் வரும் என்று அண்ணி அழுததாகச் சொன்னீர்கள். அப்படி எதுவும் இல்லை. பதிவேற்றுகிற ஒலியை யூடியூபின் கணினி தானாக ஒப்பிட்டுப் பார்த்து, 'இது இன்னாருடைய பதிவு' என்று சொல்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், இல்லையென்றால் காணொளி மறைக்கப்படும். ஸ்ட்ரைக் என்பது வேறு, உரிமையாளரே புகார் கொடுத்தால் சேனல் மேல் விழுகிற எச்சரிக்கை. அது மூன்று விழுந்தால்தான் சேனல் போகும். ஆனாலும் அதை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். காரணத்தையும் பையனுக்குப் புரிய வையுங்கள், இந்தத் தொழிலுக்குள் போகிறவன் முதலில் கற்க வேண்டிய பாடம் அது.

அவன் எடுத்தது நீலகண்ட சிவனின் 'என்றைக்கு சிவகிருபை வருமோ'. சிவன் நம் நாகர்கோவிலில் 1839-ல் பிறந்து 1900-ல் மறைந்தவர். நம் நாட்டுச் சட்டப்படி பாட்டை எழுதியவர் மறைந்து 60 வருஷம் கழிந்தால் பாட்டு பொதுச்சொத்து. ஆகவே பாட்டை யாரும் பாடலாம், மாற்றி அமைக்கலாம். ஆனால் அவன் இறக்கியது ஒரு பாடகி பாடி ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவு. அந்தப் பதிவுக்குத் தனியாக 60 வருஷ உரிமை உண்டு. 1990-ல் வந்த கேசட் என்றால் 2050 முடியும் வரை. பாட்டு எல்லாருக்கும் சொந்தம், அந்தக் குரல் சொந்தமில்லை. வழி சுலபம்: அவனே பாடட்டும், அல்லது பாட்டு சாரைப் பாடச் சொல்லி, சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பதிவு செய்யட்டும்.

சரி, இனி பாட்டு சாரின் கோபம். எனக்கு உண்மையிலேயே மனசுக்குப் பிடித்த பகுதி இது.

இந்தப் பாட்டின் தாளம் மிஸ்ர சாபு. ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஏழு எண்ணிக்கை: தகிட தகதிமி. இசை மென்பொருளைத் திறந்தால் அது நாலு நாலாகத்தான் கட்டம் போட்டுக் கொடுக்கும். ரீமிக்ஸ் செய்கிற பிள்ளைகள் பலர் அந்தக் கட்டத்துக்குள் பாட்டைப் பிடித்து நெருக்கிவிடுவார்கள். தாளம் உடையும், பாட்டு நொண்டும். உங்கள் பையன் கட்டத்தை ஏழாக மாற்றியிருக்கிறான். கச்சேரிப் பதிவில் ஒரே வேகத்தில் டிக் டிக் என்று தட்டிக் கொடுக்கிற மெட்ரோனோம் கிடையாது. பாடுகிறவரின் மூச்சுக்கும் உணர்ச்சிக்கும் ஏற்றபடி காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த அசைவு ஒவ்வொன்றையும் காதால் கண்டுபிடித்துக் குறியிட்டு, தன் டிரம்ஸை அதன் பின்னாலேயே நடக்க வைத்திருக்கிறான். பாடகியைத் தன் தாளத்துக்கு இழுக்கவில்லை. அடியில் ஓடும் தம்புராவையும் அவர் சுருதிக்கே, ஐந்து கட்டைக்குச் சேர்த்திருக்கிறான். இதற்கு எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டை அலட்சியமாக நினைக்கிறவன் செய்கிற வேலை இல்லை இது.

ஆனால் சார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் ஒரு கீபோர்டு இடையிசை வருகிறதே, அது முகாரி இல்லை. முகாரியில் ஸ்வரங்கள் ஏறும்போது ஒரு தைவதம் ('த'), இறங்கும்போது வேறொரு தைவதம்; ரிஷபமும் ('ரி') தைவதமும் வழுக்கியும் அசைந்தும் வந்தால்தான் அந்த ராகத்தின் துக்கம் வெளிப்படும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கமகம், அதாவது அந்த அசைவு, வேண்டுமென்றால் கீபோர்டில் ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பழக வேண்டும், அல்லது வயலின், வீணை வாசிக்கிற ஒருவரைக் கூப்பிட வேண்டும். அதற்கும் முன்னால் தொண்டையில் முகாரி ஏற வேண்டும். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்களே பையனைக் கூட்டிக்கொண்டு சாரிடம் போங்கள். மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தாமல், அந்த இடையிசையை மட்டும் போட்டுக் காட்டி 'எங்கே தப்பு, பாடிக் காட்டுங்க சார்' என்று அவனைக் கேட்க வையுங்கள். கோபப்படும் அளவுக்குப் பாட்டை நேசிக்கிறவர், கட்டாயம் பாடிக் காட்டுவார்.

இப்போது படிப்பு. அவன் ப்ளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் எடுத்திருப்பது நல்லது. இயற்பியலை விட்டுவிட வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம், இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அங்கே கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். ஒரு பட்டம் முடித்துவிட்டு புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் ப்ளஸ் டூ அளவில் இயற்பியல் கேட்பார்கள். இதனால்தான் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பாட்டுப் பக்கமே போக ஆசைப்பட்டால் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கிறது, 1939-ல் தொடங்கியது, ரயிலில் ஏறினால் நமக்குப் பக்கம். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் உண்டு. அங்கே இசைத் தொழில்நுட்பமும் கற்றுத் தருகிறார்கள். தனியார் படிப்பு என்பதால் கட்டணத்தை முழுதாக விசாரித்த பிறகே பேச வேண்டும்.

உங்கள் மனசில் இருப்பது இன்ஜினியரிங் என்று தெரியும். அதற்கும் இதற்கும் சண்டையே இல்லை, அண்ணாச்சி. மின்னணுப் பொறியியலில் சிக்னல் ப்ராசஸிங் என்று ஒரு பாடம் வரும். பையன் ராத்திரி ராத்திரியாகச் செய்ததன் கணக்கு அதில்தான் இருக்கிறது. வேகத்தை மாற்றினாலும் சுருதி ஏன் மாறாமல் இருக்கிறது என்பதற்கான விடை ஃபூரியே உருமாற்றம் என்ற கணிதத்தில் கிடைக்கும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்திய காம்ப்மியூசிக் திட்டத்தில் கர்நாடக இசையும் ஒரு முக்கியப் பகுதி, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் சேர்ந்து ராகத்தையும் தாளத்தையும் கணினி எப்படி அடையாளம் காணும் என்று ஆராய்ந்தது. முகாரியைக் காதால் தெரிந்த ஒரு பொறியாளர் அந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு தேவை! இந்தப் பையனுக்கு இந்த வழிதான் ரொம்பப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. முடிவு அவனும் நீங்களும் எடுக்க வேண்டியது.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் 'சவுண்ட் இன்ஜினியர்' ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்கிற இடங்களுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். போய்ப் பாருங்கள். ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ கிடைக்கும், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நகையை அடகு வைக்கிற பேச்சே வேண்டாம்.

அவன் கம்ப்யூட்டரில் இருப்பது கிராக் செய்த மென்பொருள் என்று அவனே என்னிடம் ஒத்துக்கொண்டான். அதை அழித்துவிடட்டும். அதோடு வைரஸும் வரும், நாளைக்கு வேலை செய்து காட்டும்போது வெட்கப்படவும் வேண்டியிருக்கும். ஒலிப்பதிவு மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் என்ற இன்னொன்றை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தனிநபருக்கான குறைந்த விலை உரிமத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் ஹெட்ஃபோன். ஒலி அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் சத்தம் கூடக் கூட நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காதை வைத்துப் பிழைக்கப் போகிறவன், ராத்திரி பதினொன்றுக்கு மேல் கழற்றி வைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊர் அம்மன் கொடைக்கு மைக் செட் போடுகிறவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தடவை மூன்று நாளும் பையனை அவர் பக்கத்தில் நிற்க வையுங்கள். வில்லுப்பாட்டைத் தலைமை தாங்கிப் பாடுகிற அண்ணாவியின் குரலும் குடமும் உடுக்கையும் ஒன்றையொன்று மூடாமல் திறந்த வெளியில் கேட்க வைப்பது எப்படி என்று அவன் பார்க்கட்டும். கேபிள் சுற்றட்டும், ஸ்பீக்கர் தூக்கட்டும். கொடை முடிந்த மறுநாள் அவனை என்னிடம் அனுப்புங்கள். கூடவே, சாரிடம் கற்றுக்கொண்ட முகாரியை டிரம்ஸ் இல்லாமல், தம்புரா மட்டும் வைத்து, தன் குரலில் பதிவு செய்து எடுத்து வரச் சொல்லுங்கள்.