கண்ணாடிக்கு உள்ளே வாருங்கள்: குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று பல இடங்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. சில பேர் வார்டு வராந்தாவில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குழந்தையைத் தினமும் பார்க்கிற டாக்டர் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஒரு அக்கா, அவ்வளவுதான்.

அக்கா, என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். 1,150 கிராம். இன்று மூன்றாம் நாள். தொட்டால் உடைந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நேற்று முதுகைத் தடவினேன், உடனே மானிட்டர் அலறியது. நான் தள்ளியே நிற்பது நல்லதா?

தள்ளி நிற்காதே தங்கச்சி. நீ தடவியதால்தான் அவள் சிலிர்த்தாள். 29 வாரத் தோல் மிக மெல்லியது, மேலும் கீழுமாகத் தடவினால் அவளுக்கு எரிச்சலாக இருக்கும். கையை முதலில் நன்றாகக் கழுவு. வளையல், மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். போனைத் தொட்டால் மறுபடியும் கழுவு. கை சூடான பிறகு ஒரு கையை அவள் தலையில் குடை மாதிரி வை, இன்னொரு கையால் இரண்டு பாதங்களையும் மடக்கிப் பிடித்துக்கொள். அழுத்தாதே, அசைக்காதே, அப்படியே இரு. வயிற்றுக்குள் நாலு பக்கமும் சுவர் இருந்ததே, அதை உன் கைகள் திருப்பித் தருகின்றன. ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராவதை நீயே பார்ப்பாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் அம்மாக்களைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். நானே கதவைச் சாத்தியிருக்கிறேன். கிருமி வரும் என்று சொன்னோம். மார்பில் பால் கசிந்து கவுன் நனைய நின்ற பெண்களின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அது தப்பு. நீ அந்த வார்டுக்கு வந்துபோகும் விருந்தாளி இல்லை. நாப்கின் மாற்றுவது, வாயைத் துடைப்பது, வெப்பமானி வைப்பது என்று உன்னால் முடிந்ததையெல்லாம் நான் செய்கிறேன் என்று சிஸ்டரிடம் கேள். ஒரு தடவை சொல்லித்தந்தால் போதும், பழகிவிடும்.

மானிட்டரில் குழந்தையின் ரத்தத்து ஆக்சிஜன் அளவு 97 சதவீதம் காட்டியது. சிஸ்டர் வந்து ஆக்சிஜனைக் குறைத்துவிட்டுப் போனார். 100 இருந்தால்தானே நல்லது? கேட்கப் பயமாக இருந்தது. (ஒரு அப்பா)

கேட்டிருக்கலாம் தம்பி, நல்ல கேள்விதான். வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை வைத்திருக்கத்தான் பார்ப்பார்கள். அதற்கு மேலே போனால் கண்ணின் பின்பக்கத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகலாம், பார்வையே போகலாம். அதனால்தான் அளவு கூடினாலும் அலாரம் அடிக்கிறது. ஆக்சிஜன் உதவி இல்லாமல் சாதாரணக் காற்றைச் சுவாசித்து 100 காட்டினால் பயமில்லை.

இதோடு ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 32 வாரத்துக்கு முன்போ 1,500 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய நாலு முதல் ஆறு வார வயதில் கண் பரிசோதனை நடக்க வேண்டும். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தேதி வாங்காமல் வராதீர்கள். தள்ளிப்போடக் கூடாத பரிசோதனை இது.

ஏழு மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தால் தங்காது என்று எங்கள் ஆயா சொல்கிறார். என் மகன் எட்டு மாதம்.

ஆயாவை நான் மதிக்கிறேன், ஆனால் இது உண்மை இல்லை. வயிற்றில் தங்கிய ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். எட்டு மாதக் குழந்தை ஏழு மாதக் குழந்தையைவிடத் தெம்பானது. ஆயாவை வார்டுக்கு அழைத்துப்போய்ப் பேரனைக் காட்டு.

நாலு நாளாகப் பீய்ச்சுகிறேன், ஸ்பூன் அடியில் ஒட்டுகிற அளவுதான் பால் வருகிறது. என் உடம்பு குழந்தையையும் தாங்கவில்லை, பாலும் தரவில்லை. பால் மாவே கொடுக்கச் சொல்லட்டுமா?

உன் கேள்வியைப் படித்து எனக்குத் தொண்டை அடைத்தது. குழந்தை முன்னதாக வந்தது உன் உடம்பு செய்த குற்றமில்லை.

அந்த ஸ்பூன் அடியில் ஒட்டுவதைக் கழுவிவிடாதே. சீம்பால் அது. சிரிஞ்சில் எடுத்துக் கொடு, ஒரு சொட்டைக் கன்னத்தின் உள்பக்கம் தடவுவார்கள். உன் குழந்தைக்கு இப்போது ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் தேவை. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் வாரங்களில் புரதம் கூடுதலாக இருக்கும். உடம்பு தெரிந்துதான் சுரக்கிறது. இந்தக் குழந்தைகளைக் கொல்லும் குடல் நோய் ஒன்று உண்டு, குடல் வீங்கி அழுகிப்போகும். பால் மாவு குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது குறைவாகத்தான் வருகிறது. அதனால்தான் சிஸ்டர்கள் உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்ச வேண்டும். ராத்திரி ஒரு தடவையை விடவே கூடாது, பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் ஓங்கும். முதல் நாட்களில் மிஷினைவிடக் கை நன்றாக எடுக்கும். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, மெல்லப் பிடித்துவிட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்து உள்நோக்கி அமுக்கு. இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே எடு. அவன் போர்த்தியிருந்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோ, நடுராத்திரியில் அதை முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்தால் பால் இறங்கும்.

பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடு, நல்ல உணவுதான். ஆனால் பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பவர்களிடம் ஒத்துக்கொள்ளாதே, தாகத்துக்குக் குடிக்க வேண்டும். பூண்டைவிட எட்டுத் தடவை பீய்ச்சுவதுதான் பாலைப் பெருக்கும்.

தானமாக வந்த பாலைக் கொடுக்கலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வந்தார்கள். "யாரோ பெற்றவளின் பாலா?" என்று மாமியார் மறுக்கிறார். எச்ஐவி பயமும் இருக்கிறது.

நம் ஊரில் அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் பால் கொடுக்கும் தாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பிறகு பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள், அதில் எச்ஐவி பிழைக்காது. டர்பனில் ஐதெம்பா லெத்து என்ற தாய்ப்பால் வங்கி 2000-களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்துவருகிறது. 'எங்கள் நம்பிக்கை' என்று அதற்கு அர்த்தம். மாமியாரிடம் செவிலித்தாயைப் பற்றிப் பேசிப் பாருங்கள், பிறர் பிள்ளைக்குப் பாலூட்டியவள் நம் தமிழில் தாய் என்றே பெயர் வாங்கினாள். உங்கள் பால் ஊறும்வரை ஒரு பாலம் வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்.

துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட். காலையில் நேராக வார்டுக்கு வருகிறேன். மனைவிக்கு ஆபரேஷன், நடக்க முடியவில்லை. "நீங்களே கங்காரு மாதிரி நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சிஸ்டர் சொன்னார். ஆண் செய்தால் பலன் உண்டா?

உண்டு, தம்பி! உன் நெஞ்சின் சூடு அவனுக்குப் போதும். நெஞ்சில் முடி இருந்தாலும் பரவாயில்லை. ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு வா. சென்ட் வேண்டாம், சிகரெட் வாசனை அறவே கூடாது. குழந்தைக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும். நிமிர்த்தி உன் நெஞ்சின் நடுவில் ஒட்டவைத்து, கால்களைத் தவளை மாதிரி மடக்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு மூடாதபடி வைத்து, துணியால் கட்டுவார்கள். ட்யூப் இருந்தாலும், மூச்சுக்கு உதவும் சி-பேப் மிஷின் இருந்தாலும் நிலைமை சீராக இருந்தால் செய்யலாம். உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது எழுந்திருக்காதே, எடுத்து வைப்பதில்தான் குழந்தை களைத்துப்போகும். ராத்திரி முழுக்க விழித்தவன் நீ, நாற்காலியில் கண் அயர்ந்தால் ஆபத்து. தூக்கம் வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடு.

இது ஏழைகளுக்கான மாற்று வைத்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல்தான் இதைத் தொடங்கினார்கள் என்பது சரி. 1988-இல் ஜிம்பாப்வேயின் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நில்ஸ் பெர்க்மன் இதைச் செய்து பார்த்துவிட்டு, பிறகு கேப் டவுனுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் இந்தியாவிலும் நாலு ஆப்பிரிக்க நாடுகளிலும் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே நெஞ்சில் வைத்தபோது, நிலைமை சீராகட்டும் என்று காத்திருந்ததைவிட மரணம் 25 சதவீதம் குறைந்தது. 2021-இல் முடிவு வந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது. இன்குபேட்டரும் மருந்தும் இருக்கிற வார்டில்தான் இந்தப் பலன் கிடைத்தது.

சுலு அம்மாக்கள் குழந்தையை முதுகில் போர்வையால் கட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது வளர்ந்த பிள்ளைக்கு. குறைமாதக் குழந்தை முன்னால், உன் கண் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

பிறந்த பத்தாம் நாளிலும் பிறந்த எடை வரவில்லை.

முதல் நாட்களில் பத்து சதவீதம்வரை இறங்குவது சகஜம், தண்ணீர்தான் போகிறது. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். தினமும் தராசைப் பார்த்து அழாமல் வாரக் கணக்காகப் பாருங்கள்.

பெயர் வைக்கும் பதினாறாம் நாள் பூஜை வருகிறது. விபூதி, கறுப்புக் கயிறு, சாம்பிராணி, நாக்கில் தேன், இதெல்லாம் வார்டில் செய்யலாமா?

தேன் வேண்டவே வேண்டாம், ஒரு வயதுவரை எந்தக் குழந்தைக்கும் கூடாது. சாம்பிராணிப் புகை அந்த நுரையீரலுக்கு விஷம், ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பும் கூடாது. கயிறு இறுகும், கிருமியும் சேரும். விபூதியை ஒரு சின்னக் கவரில் போட்டு ஒட்டி இன்குபேட்டரின் வெளிப்பக்கம் மாட்டலாமா என்று கேளுங்கள். நான் எத்தனையோ மாட்டியிருக்கிறேன், பக்கத்துப் படுக்கையில் பைபிள் வசனம் தொங்கும். பூஜையைக் கோவிலில் வையுங்கள். பெயரை மட்டும் அவன் காதில் நீங்களே மெல்லச் சொல்லுங்கள்.

எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், பாட்டியிடம் கற்றது. குழந்தையிடம் எந்த மொழியில் பேச?

பாட்டியிடம் கற்ற அந்தக் கொஞ்சத்தையே பேசு. அவளுக்குக் காது கேட்கிறது, உன் குரலை வயிற்றுக்குள்ளேயே கேட்டவள். இன்குபேட்டர் மேல் தட்டாமல், தாழ்ந்த குரலில், அவள் விழித்திருக்கும்போது பேசு. எங்கள் வார்டில் சுலு சிஸ்டர்கள் "தூலா, தூலா" என்று சமாதானம் செய்வார்கள், நான் "ஆராரோ" என்பேன். இரண்டுக்கும் குழந்தைகள் அடங்கும்.

இரட்டையர்கள். மகன் ஆறாம் நாள் போய்விட்டான். புதைத்துவிட்டு வந்த மறுநாள் மகளைப் பார்க்கப் போனேன். "ஒன்று இருக்கிறதே, அழாதே, பால் கெட்டுப்போகும்" என்கிறார்கள்.

அழு. அழுதால் பால் கெடாது. இறங்குவது சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவுதான்.

நீ இரண்டு பேருக்கு அம்மா. சிஸ்டரிடம் சொல்லி மகளின் அட்டையில் 'இரட்டையரில் ஒருவர்' என்று எழுதச் சொல். யாரும் தெரியாமல் "ஒரே குழந்தையா?" என்று கேட்டு உன்னைக் குத்தாமல் இருக்கட்டும். அவனுக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல், வைக்கவில்லை என்றால் இப்போது வை. பாதத் தடமோ தொப்பியோ வார்டில் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேள். அவன் உயிரோடு பிறந்தவன், அவன் பிறப்பையும் பதிவு செய்ய வேண்டும். மகளைத் தூக்கும்போது அவன் நினைவு வந்து கை நடுங்கினால், அவளை இறக்கிவிடாதே. நெஞ்சில் வைத்துக்கொண்டே அழு. அவளுக்கு அது கெடுதல் செய்யாது. சோறு இறங்காமல், தூக்கமே வராமல், வாழ வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். உன் வீட்டுக்காரரும் தனியாக எங்கேயோ அழுதுகொண்டிருப்பார், அவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை.

29 வாரத்தில் பிறந்தவன், இப்போது ஆறு மாதம். பக்கத்து வீட்டுக் குழந்தை உட்காருகிறது, இவன் இல்லை.

11 வாரம் முன்னால் வந்தவன், அதைக் கழித்துப் பாருங்கள்: மூன்றரை மாதக் குழந்தைதான். இரண்டு வயதுவரை வளர்ச்சியை இப்படித்தான் கணக்கிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதீர்கள், பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் எடையும் தடுப்பூசியும் குறிக்கிற ரோட் டு ஹெல்த் புத்தகத்தைக் காட்டி, குறைமாதம் என்று வாயாலும் சொல்லுங்கள்.

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஏழு வாரம் மானிட்டரைப் பார்த்தே தூங்கினேன். நாளை ராத்திரி எதைப் பார்ப்பேன்?

அவள் நெஞ்சைப் பார். குறைமாதக் குழந்தை மூச்சை வேகமாக நாலு விட்டுச் சில விநாடி நிறுத்தும், மறுபடி விடும், அது சகஜம். 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்புச் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே அல்லது 37.5 டிகிரிக்கு மேலே போனாலோ உடனே ஆஸ்பத்திரி. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் 1994-லிருந்து கட்டணம் இல்லை, காசை நினைத்துத் தயங்காதே.

மல்லாக்கப் படுக்க வை, தலையணை வேண்டாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை ஒரு மாதம் வாசலிலேயே நிறுத்து, இருமுகிறவர்களை அதற்கு மேலும். கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல். கங்காரு மாதிரி நெஞ்சில் கட்டிக்கொள்வதை வீட்டிலும் விடாதே. இன்றைக்கு ராத்திரி வார்டில் தங்க இடம் கொடுத்தால் தங்கி, ஒரு முழு ராத்திரி நீயே எல்லாப் பாலும் கொடுத்துப் பார். கிளம்பும்போது வார்டின் போன் எண்ணைக் கேட்டு எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டு. நடுராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் அங்கே யாராவது ஒரு சிஸ்டர் விழித்திருப்பாள்.