பழைய மடிக்கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவினால் வேகம் கூடுமா?

கேள்வி: 2015-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் உள்ளது. இன்டெல் கோர் ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 ஹோம். இப்போது ஆன் செய்து ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடுகிறது. அருகிலுள்ள சர்வீஸ் கடையில், “எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம், 800 ரூபாய், புதிது போல ஓடும்” என்கிறார்கள். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள் நிறைய இருக்கின்றன. கொடுக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: அந்த 800 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் வேகக் குறைவு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கணினியை ஆன் செய்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ என்ற பத்தியில் 100 சதவீதம் என்ற எண் சிவந்து நின்றுகொண்டே இருந்து, ‘சிபியு’ பத்தியில் எண் குறைவாக இருந்தால், செயலி சும்மா காத்திருக்கிறது, ஹார்டு டிஸ்க்தான் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஹார்டு டிஸ்கின் உள்ளே தட்டு சுழல வேண்டும், படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர வேண்டும். மடிக்கணினிகளில் வரும் நிமிடத்துக்கு 5400 சுற்று வகை டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறைகூட எடுத்துத் தர இயலாதது. விண்டோஸ் 10 தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. அதே நேரத்தில் ஆன்டிவைரஸும் அப்டேட்டும் தம் பங்குக்குக் கேட்கின்றன. எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவினால் தேவையற்ற மென்பொருள்கள் போய்விடும் என்பதால் சில வாரங்களுக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கும். அப்டேட்டுகள் இறங்கி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள்களும் திரும்ப வந்ததும் பழைய நிலைக்கே வந்துவிடும், ஏனென்றால் டிஸ்க் மாறவில்லை.

ஆகவே செலவு செய்வதென்றால் எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள். ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தும், சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகம் அது. உங்களுடைய காலத்து மடிக்கணினிக்கு 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டிதான் பொருந்தும். பார்ப்பதற்குச் சூயிங்கம் பட்டை போல இருக்கும் என்விஎம்இ வகையைக் கடையில் புகழ்ந்து காட்டினாலும் அது இதில் ஏறாது. 256 ஜிபி கொள்ளளவு உங்கள் தேவைக்குப் போதும். பெயர் தெரிந்த தயாரிப்பாக, 3 ஆண்டு உத்தரவாதம் உள்ளதாக வாங்கி, அதன் வரிசை எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். காலியான ராம் ஸ்லாட் இருந்தால் இன்னொரு 4 ஜிபி சேர்ப்பதும் நல்ல பலன் தரும். அது டிடிஆர்3எல் எனப்படும் 1.35 வோல்ட் வகையாக இருக்க வேண்டும், 1.5 வோல்ட் வகை ஒத்துவராது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியையே தேர்ந்தெடுங்கள்.

இந்த வழியில் உங்களுக்கு இன்னொரு பெரிய பாதுகாப்பும் கிடைக்கிறது. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏறும். பழைய ஹார்டு டிஸ்க் தொடப்படாமல் அப்படியே உங்கள் கைக்கு வந்துவிடும். யுஎஸ்பி உறை ஒன்றை வாங்கி அதில் பொருத்தினால் பாடக்குறிப்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். “கோப்புகள் டி டிரைவில் இருக்கின்றன, சி டிரைவை மட்டும் அழித்தால் போதும்” என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சியும் டியும் ஒரே டிஸ்கின் இரு பகுதிகள். நிறுவுகிறவர் அவசரத்தில் பகுதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகப் போகும். எனவே கடைக்குக் கொடுக்கும் முன்பே முக்கியமானவற்றை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகிய இரண்டு இடங்களையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் குறிப்புகள் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்து வையுங்கள். அது இல்லாத கணினியில் நீங்கள் உழைத்துத் தட்டச்சு செய்த பக்கங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

இனி, எந்த விண்டோஸ் என்ற கேள்வி. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். சோதனையைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழிகளால் உங்கள் கணினியிலும் அதை ஏற்றிவிட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் அத்தகைய கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்லாமல் விற்பது சரியல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்று அறிவித்தார்கள். எனவே விண்டோஸ் 10-ஐ நீண்ட காலத் தீர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தட்டச்சு, இணையம், மின்னஞ்சல், காணொலி ஆகியவைதாம் உங்கள் தேவை என்றால், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட் 22-இன், எக்ஸ்எஃப்சிஇ எனப்படும் இலகுவான பதிப்பை நிறுவச் சொல்லுங்கள். அது இலவசம், 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும், தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து அதை ஓடவிட்டு வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட முடியும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் போன்றவை கட்டாயம் தேவைப்படுவோருக்கு மட்டும் இது ஒத்துவராது.

விண்டோஸேதான் வேண்டும் என்று முடிவு செய்தால் உரிமத்தில் கவனமாக இருங்கள். மடிக்கணினி விண்டோஸ் உரிமத்தோடு வாங்கப்பட்டிருந்தால், நீங்கள் அதற்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியதில்லை. உரிமம் மதர்போர்டோடு இணைந்தது. டிஸ்கை மாற்றினாலும் போகாது. இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயல்படும். ஒரே நிபந்தனை, முன்பிருந்த பதிப்பையே நிறுவ வேண்டும். உங்களுடையது ஹோம். கடைகளில் பெரும்பாலும் புரோ பதிப்பை ஏற்றி, ‘ஆக்டிவேட்டர்’ என்ற திருட்டு மென்பொருளால் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். அதை ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை அணைக்க வேண்டியிருக்கும் என்பதே அது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை விடவே கூடாது. பணம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் நல்லது. ‘ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்று இருந்தால், அது நிறுவனங்களுக்கான முறை. உங்கள் வீட்டுக் கணினியில் அதற்கு இடமில்லை. திருப்பிச் செய்து தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளியில் இலவசமாகக் கிடைத்த பழைய மடிக்கணினி, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. இதற்கும் எஸ்எஸ்டி போடலாமா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது; 2023-இலிருந்து குரோம் உலாவியின் புதிய பதிப்புகளும் அதில் ஏறுவதில்லை. இன்றைய இணையப் பக்கங்களுக்கு 2 ஜிபி ராம் போதாது என்பதால் எஸ்எஸ்டி மட்டும் அதைக் காப்பாற்றாது. தெரிந்தவரிடம் பொருந்தக்கூடிய பழைய ராம் சும்மா கிடைத்தால் சேர்த்து, இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவித் தட்டச்சுக்கும் நிரல் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்வீஸ் கடையில் கேட்காமலே டிஸ்க் முழுவதையும் அழித்து விண்டோஸ் போட்டுவிட்டார்கள். குடும்பப் படங்கள் போய்விட்டன. என்ன செய்வது?
— இல்லத்தரசி, சேலம்

பதில்: முதல் வேலை, அந்தக் கணினியை அணைத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் விரைவு முறையில் அழித்த கோப்புகள் உண்மையில் அங்கேயே இருக்கும். அவற்றின் மேல் புதிதாக எழுதப்படும்போதுதான் மீட்க முடியாமல் போகும். விண்டோஸ் ஏறிய இடம் போனது போனதுதான், மீதி இடத்தைக் காப்பாற்றலாம். டிஸ்கைக் கழற்றி, தரவு மீட்பில் அனுபவமுள்ள வேறொருவரிடம் காட்டுங்கள். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, ஏனெனில் அது அழித்த இடங்களைத் தானே துடைத்துவிடும்.

கடையின் மீது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கு தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் கட்டணம் இல்லை. ரசீதும், ஒப்படைத்தபோது என்ன வேலை சொன்னீர்கள் என்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள். ரசீது இல்லையென்றால் கட்டணம் செலுத்திய யுபிஐ பதிவையும், கடைக்காரருடன் பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.