நூலகர் பதில்கள்: மகளின் ஆய்வை இணையத்தில் ஏற்றலாமா?

கேள்வி: என் மகள் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருக்கிறாள். தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. அதிலிருந்து ஒரு கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆய்வேட்டையும் கட்டுரையையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றச் சொல்கிறார் மேற்பார்வையாளர். "கஷ்டப்பட்டு எழுதியதைச் சும்மா தூக்கிக் கொடுப்பதா? எவனாவது காப்பியடித்துவிடுவான்" என்கிறான் என் தம்பி. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: ஏற்றச் சொல்லுங்கள் அம்மா. தாய்மாமன் கவலைப்படுவது நியாயம்தான், ஆனால் இந்தத் தொழிலின் கணக்கே வேறு. ஆய்விதழில் எழுதுகிறவருக்கு ஒரு காசு வராது. கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கும் பேராசிரியர்களுக்கும் பொதுவாகக் கூலி கிடையாது. பதிப்பகம் மட்டும் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒரு கட்டுரை படிக்க 30, 40 அமெரிக்க டாலர் கேட்கும். நான் நூலகத்தில் இருந்த காலத்தில், சந்தா ஏறும்போதெல்லாம் எந்த இதழை வெட்டுவது என்று துறைத் தலைவர்களோடு மல்லுக்கட்டுவதே பெரிய வேலை. உங்கள் மகளின் கட்டுரை பூட்டிக் கிடந்தால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை.

அதிலும் இது மருந்தடிக்கும் பெண்களின் கதை. பாராகுவாட் களைக்கொல்லியைத் தடுக்க நம் மலேசியாவில் 2002இல் முடிவெடுத்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் அடியோடு நிறுத்தினார்கள். அத்தனை இழுபறியிலும் இரு தரப்பும் ஆய்வுகளைக் காட்டித்தான் வாதாடின. முதுகில் பம்பைச் சுமந்தவளுக்கு அவற்றில் எத்தனை கண்ணில் பட்டிருக்கும்? உங்கள் மகளிடம் பேசிய பெண்களின் பிள்ளைகளாவது கைப்பேசியில் திறந்து படிக்கட்டுமே.

காப்பி விஷயத்துக்கு வருகிறேன். காப்பியடிக்கிறவன் பூட்டிய அலமாரியிலிருந்தும் அடிப்பான், அப்போது கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். களஞ்சியத்தில் ஏறியது பெயரோடும் தேதியோடும் நிற்கும். டர்னிட்டின் போன்ற, காப்பியைப் பிடிக்கும் மென்பொருளில் மாட்டவும் வாய்ப்பு அதிகம். இயற்பியல்காரர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் தளத்தில் அச்சுக்கு முன்பே கட்டுரைகளை ஏற்றி வருகிறார்கள். யார் முதலில் சொன்னது என்பதற்கு அவர்களுக்கு அதுவே சாட்சி.

எதை ஏற்றுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆய்வேடு பல்கலைக்கழக விதிப்படி போகும், பிரச்சினை இல்லை. கட்டுரைக்குப் பதிப்பக ஒப்பந்தம் இருக்கிறது. இதழ் அச்சுக்கோத்து அழகாக்கிய பிடிஎஃப்பை ஏற்ற பெரும்பாலும் அனுமதி இருக்காது. திருத்தங்களெல்லாம் முடிந்து "ஏற்றுக்கொண்டோம்" என்று கடிதம் வந்ததே, அப்போது மகளின் மடிக்கணினியில் இருந்த வேர்ட் கோப்பு, அதைத்தான் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சில உடனே ஏற்றவிடும், சில 6, 12 அல்லது 24 மாதம் பொறுக்கச் சொல்லும். ஷெர்பா ரோமியோ என்று நாங்கள் இன்னும் சொல்லும் தளத்தில் (இப்போது அதன் பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர்) இதழின் பெயரைத் தட்டினால் விதி தெரியும். அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டாம் என்று இன்றைக்கே மகளிடம் சொல்லிவையுங்கள்.

ஏற்றுவதற்கு முன் இன்னொரு வேலையும் உண்டு. அந்தப் பெண்களின் பெயரை மாற்றியிருப்பாள். ஆனால் "மூன்றாம் லயம், கோயிலை ஒட்டிய வீடு, இரட்டைப் பிள்ளைகளின் தாய்" என்று எங்காவது இருந்தால் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோருக்கு ஐந்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும். நூலக அலமாரியில் தூங்கும் ஆய்வேட்டைத் தோட்டத்தில் யாரும் படிக்கமாட்டார்கள், இணையத்தில் கிடப்பதைப் படிப்பார்கள். ஆய்வு மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்க்கட்டும். ஆய்வைப் புத்தகமாக்கும் எண்ணம் இருந்தால், சில காலம் மூடி வைக்க முடியுமா என்று நூலகத்தில் கேட்கலாம்.

கேள்வி: 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டது பற்றி ஆய்வுக்கட்டுரைகள் படிக்க ஆசை. எதைத் திறந்தாலும் காசு கேட்கிறதே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு திறங்கள் ஐயா. மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், எல்லா இதழும் இருக்காது. உலாவியில் அன்பேவால் என்ற சிறு துணை மென்பொருளைப் போட்டுக்கொண்டால், சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். அதிலும் கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். தன் கட்டுரையைக் கேட்டு வாங்கிப் படிக்க ஒருவர் வந்தால் பலருக்கு அது பண்டிகைதான்! அப்புறம், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் காசில்லாமல் கிடைக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கேள்வி: பணம் கட்டினால் ஒரே வாரத்தில் என் கட்டுரையைப் போடுவதாக ஓர் "இலவச ஆய்விதழ்" எழுதியிருக்கிறது. நம்பலாமா?
- ஆய்வு மாணவர், பீடோர்

பதில்: ஒரே வாரத்தில் யார் படித்துச் சரிபார்ப்பார்கள் தம்பி? வாசகருக்கு இலவசம் என்ற பெயரில் எழுதுகிறவரிடம் கறக்கும் கூட்டம் இருக்கிறது. தரம் பார்த்துச் சேர்க்கப்பட்ட இலவச ஆய்விதழ்களின் இணையப் பட்டியலான டிஓஏஜேயில் இதழின் பெயரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். எழுதுகிறவரிடமும் காசு வாங்காத இதழ்கள் அதே பட்டியலில் ஏராளம்.